கைக்கடக்கமான ஏர் பிஸ்டலும் கட்டுப்படியாகும் பெல்லட்டும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் அவ்வப்போது பிடிபடும் உரிமமில்லாத நாட்டுத்துப்பாக்கிதான். இங்கே நான் எழுதப்போவது அதைப் பற்றியன்று. பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் அட்டையைக் குறிவைத்து ஒற்றைக் கையால் சுடும், வெடிமருந்தின்றிக் காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிஸ்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதில் போடும் சிறு ஈயக் குண்டான பெல்லட்டை வீட்டு வரவுசெலவுக்குள் எப்படி அடக்குவது என்பதே இந்த விளக்கத்தின் பொருள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இந்தப் பிரிவில் வெண்கலம் வென்ற பிறகு என்னிடம் விசாரிக்கும் பெற்றோர் அதிகமாகிவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் "எந்தக் கம்பெனி பிஸ்டல் வாங்கலாம் சார்?" என்றுதான் தொடங்குகிறார்கள். "மாதத்திற்கு எத்தனை பெல்லட் சுட எங்களால் முடியும்?" என்று தொடங்கியவர் இதுவரை ஒருவர்கூட இல்லை. நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

முதலில் சட்டம்

வெடிமருந்தால் இயங்கும் .22 அல்லது .32 கைத்துப்பாக்கி எதுவாயினும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். பொதுவாக 21 வயது நிறைந்தவரே விண்ணப்பிக்க முடியும். காவல்துறை அறிக்கை கிடைத்த பிறகே மாவட்ட நிர்வாகம் முடிவெடுக்கும். தோட்டா வாங்கும்போதும் அந்த உரிமத்தைக் காட்டியாக வேண்டும். உரிமமின்றிச் சாதாரணத் துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தால்கூட, 2019 திருத்தத்திற்குப் பின், குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை என்பது விதி.

ஏர் பிஸ்டலின் நிலை வேறு. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும், பெல்லட் வெளியேறும்போது உள்ள ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிக்கான ஏர் பிஸ்டல் அரை கிராம் எடையுள்ள பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் அளவில் அனுப்புகிறது. கணக்கிட்டால் 6 ஜூலைக்கூடத் தொடாது. ஆனால் அதே கடையில் பக்கத்திலேயே தொங்கும் 5.5 மில்லிமீட்டர் ரகத்தை "இதுவும் ஏர் கன்தானே" என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். அதற்கு உரிமம் வேண்டும். வாங்கும்போது அடையாளச் சான்று கொடுத்து, மாதிரியின் பெயரும் தொடர் எண்ணும் எழுதப்பட்ட ரசீதைப் பெற்றுக்கொண்டு, அதன் நகலைப் பிஸ்டல் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தொப்பூர்க் கணவாயிலோ ஓசூர் எல்லையிலோ வாகனத் தணிக்கையில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், அந்த ஒரு தாள் அரை மணி நேரப் பேச்சை மிச்சப்படுத்தும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொக்கு, முயல், மயில், காட்டுப்பன்றி எதன்மீதும் இதைத் திருப்பக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காற்றுத் துப்பாக்கிக்கென்று தனிச் சலுகை எதையும் தரவில்லை.

பெல்லட் கணக்கைப் போடுங்கள்

போட்டியில் ஆணும் பெண்ணும் 75 நிமிடத்தில் 60 முறை சுடுகிறார்கள். தொடக்க நிலையில் ஒருவர் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 60 என்று சுட்டால் மாதம் 1,200 பெல்லட் ஆகிறது. போட்டி ரகப் பெல்லட் பெரும்பாலும் 500 கொண்ட டப்பாவாக வருவதால், மாதத்திற்கு இரண்டரை டப்பா என்று வைத்துக்கொள்ளலாம். டப்பாவின் விலையை 500ஆல் வகுத்துப் பாருங்கள். டப்பா 1,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒருமுறை விசையை (டிரிகரை) இழுக்க 2 ரூபாய், மாதம் 2,400 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 29,000 ரூபாய். இந்தத் தொகையை ஒதுக்கி வைத்த பிறகு கையில் மிஞ்சுவதுதான் பிஸ்டலுக்கான பணம். லட்சத்தைத் தாண்டும் இறக்குமதிப் பிஸ்டலைக் கடன் வாங்கி வாங்கிவிட்டு, பெல்லட்டுக்குக் காசில்லாமல் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதை வாங்குவது

போட்டி விதிப்படி பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. விசையை இழுக்கத் தேவையான பளு 500 கிராமுக்குக் குறையக் கூடாது. 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள பெட்டிக்குள் அது முழுதும் அடங்க வேண்டும். கடையில் விற்கும், பார்க்கப் போலீஸ் கைத்துப்பாக்கி போலவே இருக்கும் கரியமிலவாயுக் குப்பி ரகங்கள் விளையாட்டுக்குப் பயன்படுவதில்லை. அவற்றுள் பல எஃகு மணிகளைச் சுடுபவை. எஃகு மணி கடினமான பரப்பில் பட்டால் சுட்டவர் கண்ணுக்கே திரும்பி வரும்.

போட்டிப் பிஸ்டல்களில் ஸ்டெயர், வால்தர், மொரினி, பார்டினி ஆகிய நிறுவனங்கள் முழு நீள மாதிரியோடு குழல் குறுகிய சிறிய மாதிரியையும் செய்கின்றன. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் மணிக்கட்டு வலுவில்லாத பெரியவருக்கும் சிறியதே ஏற்றது. முன்பாரம் குறைவாக இருப்பதால் கை சீக்கிரம் தளராது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. குறிபார்க்கக் குழல் முனையில் உள்ள முன்குறிக்கும் பின்புறம் உள்ள பின்குறிக்கும் இடையே 320 மில்லிமீட்டர் இருக்கும் பிஸ்டலில் குறி 0.1 மில்லிமீட்டர் பிசகினால் அட்டையில் ஏறத்தாழ 3.1 மில்லிமீட்டர் விலகும். அந்த இடைவெளி 280 ஆகச் சுருங்கினால் அதே பிசகு 3.6 மில்லிமீட்டர் ஆகிறது. அட்டையில் ஒரு வளையத்திற்கும் அடுத்த வளையத்திற்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த அரை மில்லிமீட்டர் அற்பமானதன்று. ஆனாலும், தூக்கி நிறுத்த முடியாத நீண்ட பிஸ்டலைவிடச் சலனமின்றிப் பிடிக்க முடிந்த குறுகிய பிஸ்டலே மேல் என்பது என் தீர்மானம்.

காற்றை எப்படி நிரப்புவது என்பது அடுத்த கேள்வி. நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல். இன்றைய போட்டிப் பிஸ்டலில் காற்றை அடைத்து வைக்கும் உருளைக்கு 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஏறத்தாழ 10 பார் தரும். அங்கே போய்க் கேட்டுப் பயனில்லை. மூன்று கட்டமாக அழுத்தும் கைப்பம்பு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. வேர்க்கும், ஆனால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. எந்தச் சூழலிலும் வெல்டிங் பட்டறையிலோ மருத்துவமனையிலோ கிடைக்கும் ஆக்சிஜனை உருளையில் நிரப்பக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் சிறிது எண்ணெயோடு சேர்ந்தால் அது வெடிக்கும். உருளையில் பொறிக்கப்பட்டுள்ள தேதியையும் பாருங்கள். பழைய பிஸ்டலை மலிவாகத் தருகிறார்கள் என்றால், உருளையின் ஆயுட்காலமாகத் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆண்டுகள் முடிந்திருக்கக்கூடும். உருளையே வேண்டாம் என்பவருக்கு, நெம்புகோலை ஒருமுறை மடக்கிக் காற்றை அடைக்கும் பைக்கால் 46எம் போன்ற பழைய வகை நன்றாகவே பயன்படும். ஒவ்வொரு முறையும் மடக்க வேண்டியிருப்பதால் சிறுவர்கள் களைத்துப்போவார்கள் என்பது மட்டுமே குறை.

கைப்பிடிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன்குறி பின்குறியின் பள்ளத்தில் நடுவாக நின்றால் கைப்பிடி பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகி நின்றால் பொருந்தவில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகள் கிடைக்கின்றன. மீதியை அரமும் மரமக்குமாக நாமே சரிசெய்துகொள்ளலாம். தச்சரிடம் கொடுக்கலாமா என்று கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் பிஸ்டலிலிருந்து கழற்றிய கைப்பிடியை மட்டும் கொடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பிடித்துப் பிடித்துப் பாருங்கள்.

பெல்லட்டைத் தேர்ந்தெடுக்கும் முறை

தலை தட்டையான பெல்லட்டை மட்டும் வாங்குங்கள். அது அட்டையில் வட்டமாக, விளிம்பு சுத்தமாக வெட்டும். கூர்தலைப் பெல்லட் தாளைக் கிழிப்பதால் எந்த வளையத்தைத் தொட்டது என்பதே தெரியாது. தொடக்கத்தில் நான் கூரானதுதான் துல்லியம் என்று நம்பி நான்கு டப்பா வாங்கி வைத்தேன். கிழிந்த அட்டைகளில் மதிப்பெண் எண்ண முடியாமல் ஒரு மாதப் பயிற்சி வீணாயிற்று.

அடுத்து அளவு. டப்பாவின்மேல் 4.49, 4.50 என்று தலை விட்டம் அச்சிடப்பட்டிருக்கும். எது உங்கள் குழலுக்குப் பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய வேண்டும். ஒவ்வொரு அளவிலும் ஒரு டப்பா வாங்கி, பிஸ்டலை மேசையில் மணல் பை மீது தாங்கி வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சில அட்டைகள் சுடுங்கள். எதில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அதையே மொத்தமாக வாங்கலாம். சேலத்துக்கும் பெங்களூருக்கும் இடையில் இருக்கும் நமக்கு ஒரு டப்பாவுக்காகப் போய்வரும் பேருந்துச் செலவே அதன் விலையில் பெரும் பங்கை விழுங்கிவிடும் என்பதால், மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே தொகுதி எண் கொண்ட டப்பாக்களாக எடுத்துப் பிரித்துக்கொள்வது கட்டுப்படியாகும். விலை உயர்ந்த போட்டி ரகத்தில் சில டப்பாக்களைப் போட்டிக்கு ஒதுக்கிவிட்டு, அன்றாடப் பயிற்சிக்கு அதே நிறுவனத்தின் பயிற்சி ரகத்தைப் பயன்படுத்துங்கள். தொடக்கநிலையில் உங்கள் கை ஆடும் அளவு, இரண்டு ரகத்திற்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பல மடங்கு பெரிது. சுட்ட பெல்லட்டைப் பொறுக்கி நிமிர்த்தி மறுபடி போடும் சிக்கனம் மட்டும் வேண்டாம். குழலின் உட்புறம் கெட்டுவிடும்.

எல்லாவற்றிலும் மலிவானது, பெல்லட்டே போடாமல் விசையை இழுக்கும் பயிற்சி. போட்டிப் பிஸ்டல்கள் பலவற்றில் காற்று வெளியேறாமல் விசையை மட்டும் இயக்கும் அமைப்பு உண்டு. வெள்ளைச் சுவரைப் பார்த்து நாற்பது முறை இப்படி இழுத்து, பிறகு இருபது பெல்லட் சுடுங்கள். மேலே போட்ட மாதக் கணக்கு மூன்றில் ஒன்றாகக் குறையும். குறி ஆடாமல் விசையை இழுக்கும் பழக்கமும் இதில்தான் வரும்.

வீட்டில் அமைக்கும் சுடுதளம்

பத்து மீட்டர் நீளமுள்ள வராந்தாவோ மாங்காய் இறக்கி வைக்கும் கொட்டகையோ போதும். அட்டையின் நடு, தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் பின்னால், மேல்பகுதி சுடுபவரை நோக்கிச் சாய்ந்த தடித்த இரும்புத் தகடு பொருத்திய பெட்டியை வையுங்கள். பெல்லட் தகட்டில் பட்டுக் கீழே உள்ள தட்டில் விழும். இலக்குப் பக்கம் வாசல், சன்னல், ஆள் நடக்கும் வழி எதுவும் இருக்கக் கூடாது. மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். சுடுபவரும் உடன் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்; இலக்கை நோக்கித் திரும்பி நிற்கும் வரை விரல் விசைக்குள் போகக் கூடாது.

முடிந்ததும் பிஸ்டலில் பெல்லட் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்து, பெட்டியைப் பூட்டுங்கள். காற்று நிரப்பிய உருளையைச் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பெல்லட் ஈயத்தால் ஆனது. ஆகவே சுடும்போது எதையும் தின்னாமல் இருந்து, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவி, தட்டில் சேர்ந்த ஈயத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாத மூடிய டப்பாவில் போட்டு வையுங்கள். நிறைந்ததும் பழைய உலோகம் வாங்குபவரிடம் எடைக்குப் போடலாம். அடுத்த டப்பாவின் விலையில் சிறு பங்கு அதிலிருந்தே திரும்பி வரும்.