உருளைக்கிழங்கு சேர்க்காத வரகு கட்லெட்: கல்லில் உதிராமல் எடுப்பது எப்படி?

புரட்டாசி பிறந்தால் புதுச்சேரியில் பல வீடுகளில் மீனும் கறியும் கிடையாது. பெரியவர்களுக்கு வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் இருந்தால் போதும். பிள்ளைகள் விடமாட்டார்கள். பன்னுக்குள்ளே வைத்துக் கடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்பார்கள். உறையவைத்து விற்கும் சைவ கட்லெட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் பெரும்பாலும் உருளைக்கிழங்கும் மைதாவும்தான் முதலில் நிற்கின்றன. தானியத்தை வைத்தே செய்தால் என்ன என்று வீட்டில் ஆரம்பித்தது, இப்போது புரட்டாசி முடிந்த பிறகும் நிற்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தானிய கட்லெட்டில் ருசி கொண்டுவருவது சுலபம், கல்லில் உதிராமல் நிறுத்துவதுதான் வேலை. அதற்கு முட்டையும் வேண்டாம், சோளமாவும் வேண்டாம். வரகுக்குள்ளேயே பசை இருக்கிறது. அதை வெளியே எடுத்து, ஆறவிட்டு, இறுகவைக்க வேண்டும். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் அது என்பதால் அங்கே நிதானமாக எழுதுகிறேன். மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தேவையானவை (12 அல்லது 13 கட்லெட் வரும்)

வரகரிசி 1 டம்ளர் (200 மில்லி டம்ளர்)
தட்டைப்பயறு அரை டம்ளர்
சின்ன வெங்காயம் 15
பெரிய கேரட் 1
பச்சை மிளகாய் 3, இஞ்சி ஒரு துண்டு
உடைத்த முந்திரி ஒரு கைப்பிடி
தாளிப்பு வடகம், உதிர்த்தது 2 டீஸ்பூன்
பொட்டுக்கடலை மாவு 3 டேபிள்ஸ்பூன்
மல்லித்தழை, உப்பு, கடலெண்ணெய்

முந்திரிக்கு முழுப்பருப்பு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். பண்ருட்டிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் உடைந்த துண்டு வாங்கிவரச் சொல்லுங்கள். விலையும் குறைவு, நமக்கு எப்படியும் உடைத்துத்தான் போட வேண்டும். கறி இல்லாத கட்லெட்டில் பல்லில் படுகிற கொழுப்பு இந்த முந்திரியிலிருந்துதான் வருகிறது, விட்டுவிடாதீர்கள்.

வடகம் எதற்கு என்று கேட்பீர்கள். கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் மீன் குழம்புக்குத் தாளிக்கிறோமே, அதே வடகம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம் எல்லாம் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து வெயிலில் நாள்கணக்கில் காய்ந்து, அதற்குள் ஓர் ஆழமான மணம் ஏறியிருக்கும். சைவ கட்லெட்டில் 'என்னமோ குறைகிறது' என்று தோன்றுவதை அது நிரப்புகிறது. கரம் மசாலா போட்டால் எல்லா ஊர் கட்லெட்டும் ஒன்றுபோல இருக்கும். வடகம் போட்டால் இது நம் வீட்டுக் கட்லெட்.

வரகு வாங்கும்போது

சாமையிலும் செய்யலாம், நன்றாக வரும். தினை கொஞ்சம் உதிரியாகவே நிற்கும், குதிரைவாலி சீக்கிரம் குழைந்துவிடும். முதல் தடவை செய்கிறவர்கள் வரகிலேயே ஆரம்பியுங்கள். புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகளிலும், கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவிலும் கேட்டுப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று கவனியுங்கள். கையில் அள்ளி முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை, முக்கல் வாடை லேசாக அடித்தாலும் வாங்காதீர்கள். வரகில் ஒருவகைப் பூஞ்சை பிடித்தால் தலைசுற்றல், வாந்தி வருகிற அளவுக்கு நஞ்சாகிவிடும். கழுவினாலும் வேகவைத்தாலும் அதை நம்ப முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கடலோர ஊர்களில் எதுவும் நமத்துப்போகும். அந்த மாதங்களில் அரைக் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காமல் இருப்பது நல்லது.

வேகவைப்பது

தட்டைப்பயறை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, மறுநாள் குக்கரில் மூன்று விசில். வெந்ததும் தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் ரசத்துக்கு ஆகும்.

வரகை மூன்று தண்ணீர் கழுவி அரைமணி நேரம் ஊறவையுங்கள். சாதத்துக்கு வைப்பதுபோல ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்தால் பொலபொலவென்று வரும், அது நமக்கு ஆகாது. இரண்டரை டம்ளர் வையுங்கள். உப்புப் போட்டு மிதமான தீயில் மூன்று விசில். ஆவி அடங்கித் திறந்தால் குழைந்த சாதம்போல இருக்க வேண்டும், கஞ்சியாக ஓடக்கூடாது.

பசை எடுப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான்.

வெந்த வரகை மூன்று பங்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கை அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி ஃபேனுக்கு அடியில் ஆறவிடுங்கள். மீதி ஒரு பங்கைச் சூடு ஆறுவதற்குள் கீரைச் சட்டியில் போட்டு மத்தால் கடையுங்கள். கீரை கடைகிற அதே கைப்பக்குவம்தான், கொஞ்சம் அழுத்தம் கூட. முதலில் மத்தில் மணிமணியாக ஒட்டும். கடையக் கடைய மணி உடைந்து, மத்தைத் தூக்கினால் கனமான ஒரு பசை இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுவை தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

இதை மிக்ஸியில் செய்யாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். மிக்ஸி ஒரு நொடியில் அளவு தாண்டி, மொத்தத்தையும் கோந்தாக்கிவிடும். கட்லெட்டைக் கடித்தால் ரப்பர் மாதிரி இருக்கும். உட்புறம் சொரசொரப்பாக இருக்கிற மண்சட்டியும் மர மத்தும் இருந்தால் பாதி மணி உடைந்தும் பாதி உடையாமலும் வரும், அதுதான் வேண்டும். கீரைச் சட்டி இல்லாதவர்கள் பாவ்பாஜி மசிப்பான் வைத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாம்பட்சம்தான், ஆனால் மிக்ஸியைவிட எவ்வளவோ மேல்.

ஏன் சூடாகக் கடைய வேண்டும்? தானியத்தில் இருக்கிற மாவுச்சத்து தண்ணீரில் வேகும்போது ஊதிப் பெருத்து, கொஞ்சம் வெளியே கசிந்து பசையாகிறது. சூட்டில் அது இளகி இருக்கும், கடைந்தால் வெளியே வரும். ஆற ஆற அந்தப் பசை மறுபடி இறுகும். ராத்திரிச் சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் விறைத்துப்போகிறதே, அதே சங்கதி. சோற்றில் அது தொந்தரவு, கட்லெட்டில் நமக்கு உதவி. ஆறின பிறகு கடைந்தால் மணி நழுவுமே தவிர பசை வராது.

கடைந்த பங்கை, ஆறவைத்த இரண்டு பங்கோடு சேர்த்துக் கையால் பிசையுங்கள். வெந்த தட்டைப்பயறைப் பாதி மசித்து, பாதியை அப்படியே விட்டு இதோடு சேருங்கள்.

தண்ணீர் விடுகிற காய்கள்

உதிர்ந்துபோகிறது என்பவர்களில் பாதிப்பேருக்குப் பிரச்சினை வெங்காயத்தில் இருக்கிறது. பச்சை வெங்காயத்தை நறுக்கிப் போட்டால், உப்புப் பட்டதும் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும். பிசைந்தபோது கெட்டியாக இருந்தது, தட்டிவைத்த அரைமணியில் ஈரம் கோத்து, கல்லில் போட்டதும் விரிந்துவிடும்.

அதனால் வாணலியில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் காயவைத்து, முதலில் வடகத்தைப் போடுங்கள். பொரிந்து மணம் வந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயம், இஞ்சி, மிளகாய். வெங்காயம் சிவக்கட்டும். பிறகு துருவிய கேரட். சட்டி அடியில் ஈரம் இல்லாமல், கரண்டியால் தள்ளினால் எண்ணெய் மட்டும் மினுக்குகிற வரை வதக்க வேண்டும். கேரட்டுக்குப் பதில் பீட்ரூட் போட்டால் நிறம் அழகாக வரும், ஆனால் வதக்கல் இன்னும் கூடுதலாகத் தேவை. இதை முழுக்க ஆறவிட்டுத்தான் மாவில் சேர்க்க வேண்டும்.

முந்திரி, மல்லித்தழை, பொட்டுக்கடலை மாவு சேர்த்து, உப்புப் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்த பருப்பு என்பதால் பச்சை வாடை வராது, ஈரத்தையும் குடித்துக்கொள்ளும். கடலைமாவு வேண்டாம், உள்ளே வேகாமல் நின்றுவிடும்.

பதம் பார்க்க ஓர் எலுமிச்சை அளவு எடுத்துக் கையில் அழுத்திப் பிடித்துத் திறங்கள். விரல் தடம் அப்படியே நிற்க வேண்டும். ஓரம் விண்டால் வறட்சி, கையை நனைத்துக்கொண்டு மறுபடி பிசையுங்கள். உள்ளங்கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு போட்டுப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். போட்ட உடனே மேலும் மேலும் மாவைக் கொட்டாதீர்கள். அது ஈரத்தை இழுக்க நேரம் கேட்கும்.

தட்டுவது, குளிரவைப்பது

எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள எவர்சில்வர் டப்பா மூடி ஒன்று எடுத்து, அதில் எண்ணெய் தடவிய வாழையிலைத் துண்டு வைத்து, மாவை அழுத்தி நிரப்பிக் கவிழ்த்தால் ஒரே அளவாக வரும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம் போதும். இதற்கென்று விற்கிற அச்சு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

தட்டியதை ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். நேரம் இல்லை என்று பலர் தாண்டுவது இந்தப் படியைத்தான். கடைந்த பசை இறுகுவது இங்கேதான் என்பதால் இதைத் தாண்டினால் முன்னே செய்த வேலை வீண். சமையல் மேடையில் வைத்து ஆறவைக்கலாமே என்றால், நம் ஊர்ச் சூட்டுக்கு வெந்த தானியம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருப்பது வயிற்றுக்கு நல்லதல்ல.

கல்லில் போடுவது

இரும்பு தோசைக்கல்தான் என் தேர்வு. நான்ஸ்டிக்கில் ஒட்டாது, உண்மைதான். ஆனால் அந்த மொறுமொறு பழுப்பு அதில் வருவதில்லை. கல்லை நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, அப்புறம் தீயை மிதமாக்கிக் கட்லெட்டை வையுங்கள். நான்கு நிமிடம் தொடாதீர்கள். வைத்ததும் சடசடவென்று சத்தம் வரும், ஈரம் போகப் போகச் சத்தம் தணியும், ஓரத்தில் பழுப்புக் கோடு ஏறும். அப்போது தோசைத் திருப்பியை அடியில் விட்டால் கட்லெட் தானாக நழுவி வரும். பிடித்துக்கொண்டால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று பொருள், சுரண்டாமல் ஒரு நிமிடம் பொறுங்கள். மறுபக்கமும் அதே மாதிரி.

ரொட்டித்தூளில் புரட்டிப் போடுவது உங்கள் விருப்பம். போடுவதானால் கடைத்தூள் வேண்டாம். புதுச்சேரி பேக்கரிகளில் கிடைக்கிற நீட்டு ரொட்டி ஒன்று வாங்கி, ஒரு நாள் வைத்திருந்து, கல்லில் வாட்டிப் பொடித்துக்கொள்ளுங்கள். அந்த மொறுமொறுப்பே தனி. பன்னையும் அதே கல்லில், கட்லெட் எடுத்த எண்ணெயிலேயே வாட்டிவிடுங்கள்.

சேர்த்து எழுதியது: வாசகர்கள் கேட்டவை

சனிக்கிழமை விரதத்துக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல் முடியுமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். முடியும். வடகத்தில் இரண்டுமே இருப்பதால் அதையும் விட வேண்டும். பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸை நன்றாகச் சுருள வதக்கி, பெருங்காயமும் மிளகுத்தூளும் கூட்டிப் போடுங்கள்.

ஏர் ஃப்ரையரில் வைத்தால் வெடித்து வறண்டுபோகிறது என்று நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி, 180 டிகிரியில் 15 நிமிடம், நடுவே ஒருமுறை திருப்பி வையுங்கள். மாவில் தண்ணீரும் ஒரு கை கூடுதலாக இருக்கட்டும். எனக்கென்னவோ தோசைக்கல் ருசி அதில் வரவில்லை.

கம்பில் செய்தேன், கசந்தது என்று ஒருவர். பழைய கம்பு மாவாக இருந்திருக்கும். கம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம், அரைத்துவைத்த மாவு சில நாளிலேயே கசக்க ஆரம்பித்துவிடும். முழுக் கம்பை ராத்திரி ஊறவைத்து, ஒன்றிரண்டாக உடைத்து வேகவையுங்கள்.

சர்க்கரை இருப்பவர்கள் எத்தனை வேண்டுமானாலும் சாப்பிடலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடாது. சிறுதானியம் என்றாலும் இதில் இருப்பது மாவுச்சத்துதான், அதுவும் குழைய வேகவைத்துக் கடைந்தது சீக்கிரம் செரித்துவிடும். சோற்றுக்குப் பார்க்கிற அளவை இதற்கும் பாருங்கள்.

மாசி, பங்குனியில் பிஞ்சுப் பலா கிடைக்கும்போது, அதை வேகவைத்துப் பிழிந்து நார்நாராகப் பிய்த்து, தட்டைப்பயறுக்குப் பதில் போட்டு ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். நானும் செய்தேன், கடிக்கிற பதம் பிரமாதம். துணியில் கட்டிப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

பொரிக்காமல் ஃப்ரீசரில் வைப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் நடுவே வெண்ணெய்த்தாள் வைத்து அடுக்குங்கள், ஒரு மாதம் தாங்கும். எடுத்ததும் உருகவிடாமல் நேராகக் கல்லில் வைத்து, முதலில் சிறுதீயில் மூடி போட்டு, பிறகு திறந்து பொன்னிறமாக்குங்கள். 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதுபோல மின்சாரம் நெடுநேரம் போய், கட்லெட் முழுக்க இளகிவிட்டால் மறுபடி உறையவைக்காதீர்கள். சில்லென்று இருக்கும்போதே எல்லாவற்றையும் பொரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், சில்லிப்பே இல்லாமல் போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.