கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேஜை: அலங்காரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் கிறிஸ்துமஸ் மேஜை அலங்காரம் என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலும் சாப்பாடே இருக்காது. தட்டுகள் காலியாக இருக்கும். மேஜையின் நீளத்துக்குப் பைன் கிளையும் மெழுகுவர்த்தியும் அடைத்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து அப்படியே நம் வீட்டில் செய்துவிட்டு, மத்தியானம் பிரியாணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து "இதை எங்கே வைக்கிறது?" என்று நிற்போம். அலங்காரத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் உட்காரும் மேஜையின் அகலம் சுமார் 90 செ.மீ. சாப்பாட்டுத் தட்டு 27, 28 செ.மீ. இருக்கும். எதிரெதிரே இரண்டு தட்டுகளை விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாலே 60 செ.மீ. போய்விடும். மிச்சம் 30 செ.மீ. அதற்குள்தான் பிரியாணி, கறிக்குழம்பு, தயிர்ப் பச்சடி, தண்ணீர் ஜக்கு எல்லாம். அதனால் முதல் நாள் இரவே காலிப் பாத்திரங்களை மேஜையில் வைத்துப் பாருங்கள். அவை போக மிஞ்சுவதுதான் பூவுக்கும் மெழுகுவர்த்திக்குமான இடம். ஒன்றுமே மிஞ்சவில்லையென்றால் பாத்திரங்களைப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜைக்கு மாற்றிவிடலாம். நடு மேஜை அழகாகவும் இருக்கும், குழம்பும் சிந்தாது.

நடுவில் வைப்பது உயரமாக இருந்தால் எதிரே இருப்பவரின் முகம் தெரியாது. 30 செ.மீ.க்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு அலங்கரிக்கும்போது எல்லாமே தாழ்வாகத்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எல்லாரும் எடுத்துப் போட்டுக்கொண்டு போகிற பஃபே என்றால் இந்தக் கவலை இல்லை. சுவர் ஓரமாக எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் வைக்கலாம்.

அடுத்தது மெழுகுவர்த்தி. நம் ஊரில் பெரிய சாப்பாடு பல வீடுகளில் கோவில் முடிந்து வந்த பிறகு, மத்தியானம். பளீரென்ற வெயில் நேரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சம் யார் கண்ணுக்கும் தெரியாது. இரவு விருந்துக்கு அதை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரவிலும் தலைக்கு மேலே ஃபேன் இருக்கிறது. காற்றில் சுடர் ஒரு பக்கமாகச் சாயும், மெழுகு அந்தப் பக்கமாகவே வழிந்து விரிப்பில் இறங்கும். ஃபேனை நிறுத்தினால் சாப்பிடுகிறவர்கள் வேர்த்துக் கொட்டுவார்கள். உயரமான கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மணல் போட்டு, குட்டையான மெழுகுவர்த்தியை ஊன்றுங்கள். சுடருக்கு மேலே நாலு விரலாவது கண்ணாடி உயர்ந்து நிற்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் பேட்டரி மெழுகுவர்த்தி போதும். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

எரிகிற சுடருக்குப் பக்கத்தில் பஞ்சை "பனி" என்று பரப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். தெர்மாக்கோல் உருண்டைகளும் அப்படித்தான் எரியும். அது போக, கையில், தட்டில், தயிர்ப் பச்சடியில் என்று எல்லாவற்றிலும் ஒட்டும். ஜிகினாத் தூளுக்கும் இதே புகார்தான். சாப்பிடுகிற இடத்தில் உதிர்கிற பொருள் எதற்கு?

பச்சைக்கு வருவோம். பைன் கிடைக்காத ஊர்களில் சவுக்குக் கிளைதான் நமக்குக் கிறிஸ்துமஸ் மரம். மேஜைக்கும் அது அழகாகவே இருக்கும். ஆனால் முந்தின நாள் வெட்டி வைத்தால் காய்ந்து, தட்டுக்குள் உதிர ஆரம்பிக்கும். காலையில் வெட்டி, அடியை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். சிவப்புக்காகச் செவ்வரளியைப் பறித்து வைப்பவர்கள் உண்டு. அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். சாப்பாட்டு மேஜைக்கு அது ஆகவே ஆகாது. கடைகளில் தொட்டியில் விற்கும் சிவப்பு இலைச் செடியான பாயின்செட்டியாவின் பால் தோலில் அரிப்பைத் தரும்; கிளையை ஒடித்துத் தட்டோரம் வைக்காமல், தொட்டியோடு வாசலில் வைத்தால் போதும். செம்பருத்தியோ சிவப்பு ரோஜாவோ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

வாசனையிலும் ஒரு எச்சரிக்கை. சம்பங்கி, மல்லிகை, வாசனை மெழுகுவர்த்தி மூன்றும் பிரியாணி மணத்தோடு மல்லுக்கு நிற்கும். லில்லிப் பூ வைத்தால் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கத்தரித்துவிடுங்கள், அந்த ஆரஞ்சுப் பொடி துணியில் பட்டால் லேசில் போகாது.

விரிப்பில் சாட்டின் மாதிரி வழுக்குகிற துணி வேண்டாம். கண்ணாடி மேஜையில் ஒரு குழந்தை நுனியைப் பிடித்து இழுத்தால் பாத்திரத்தோடு வந்துவிடும். அடியில் பழைய போர்வை ஒன்றை மடித்துப் போட்டால் நகராது. புதுச் சிவப்புத் துணியை முதலில் தனியாக அலசிவிடுங்கள். தண்ணீர் கொட்டினால் சாயம் இறங்கும். வெள்ளை போடுகிறவர்களுக்கு மஞ்சள் கறை பயம். அந்தக் கறை சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறும், பதற வேண்டாம். துவைத்து வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும். விரிப்பின் மேல் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஷீட் போடுவதைப் பலர் கேலி செய்வார்கள். எனக்கென்னவோ, பத்துப் பிள்ளைகள் ஓடுகிற வீட்டில் அது புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

சீரியல் லைட்டைத் தண்ணீர் டம்ளர்களுக்கு நடுவே ஓட்டி, வயரைத் தரையில் பிளக்குக்கு இழுப்பதும் ஆபத்து. பேட்டரியில் எரிகிற சரம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்ச பல்பைப் போட்டாலே மேஜை பாதி அலங்கரித்த மாதிரி ஆகிவிடும். நிறம் இரண்டு போதும். சிவப்பு, பச்சை, தங்கம், வெள்ளி, பலூன் எல்லாம் சேர்ந்தால் பிறந்தநாள் விழா ஆகிவிடும்.

கல்கல் என்கிற மாவு இனிப்பையும் அச்சு முறுக்கையும் அழகுக்காகக் கிண்ணங்களில் முந்தின இரவே திறந்து வைத்தால், காலையில் எறும்புதான் முதல் விருந்தாளி. முறுக்கும் நமத்துப் போகும்.

கடைசியாக, அந்தப் படங்களில் இல்லாத இன்னொன்று: பந்தி. இருபது பேர் வருகிற வீட்டில் ஆறு நாற்காலிதான் இருக்கும். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள், கடைசியில் சமைத்தவர்கள். அன்னப்பறவை மாதிரி மடித்த நாப்கின் முதல் பந்தியோடு முடிந்துவிடும். பெயர் எழுதிய அட்டை வைத்தாலும் பெரியப்பா ஃபேனுக்கு நேர்கீழே இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவார். அதனால் நடுவில் விரிக்கும் நீளத் துணியில் இரண்டு வாங்குங்கள், பூவில் பாதியை ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டாம் பந்தி எழுந்ததும் எச்சில் துடைத்து, புதுத் துணி விரித்து, மீதிப் பூவை வைத்தால், காலையிலிருந்து அடுப்படியில் நின்றவர்களுக்கும் அலங்கரித்த மேஜையே கிடைக்கும்.