ஊழியப் பயணத்துக்கு முன் ஊசியைப் போடுங்கள்

சபையிலிருந்து வெளிநாட்டு ஊழியப் பயணம் போகிறீர்களா? பெட்டியை அப்புறம் பார்க்கலாம், முதலில் பாஸ்போர்ட்டை எடுங்கள். குறைந்தது 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். சுற்றுலா விசாவில் பிரசங்கம் செய்யச் சில நாடுகளில் அனுமதி கிடையாது. அழைக்கும் சபையிடம் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது தடுப்பூசியில்தான். கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசிச் சான்றிதழ், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும். கிளம்புகிற வாரத்தில் ஓடிப் பயனில்லை. முன்பே போட்டிருந்தால் நிம்மதி. 2016 ஜூலை முதல் அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். மலேரியா உள்ள இடமா? மாத்திரையைக் கிளம்பும் முன்பே தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொல்லும்வரை விடாமல் போட வேண்டும்.

வழக்கமான மருந்துகளைச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பைபிள் கட்டுகளா? சரி, ஆனால் அந்த நாட்டுச் சுங்க விதியைப் பார்த்துவிட்டு அடுக்குங்கள்.