சுகருக்கு நித்தியகல்யாணி இலையா? வேண்டாம்!

"காலையில நாலு நித்தியகல்யாணி இலை மென்னா சுகர் இறங்கிடும்." பெசன்ட் நகர் பீச்சில் வாக்கிங் போனால் இந்த வைத்தியம் காதில் விழாமல் வீடு திரும்ப முடியாது.

காம்பவுண்ட் சுவர் விரிசலில்கூட முளைக்கிற அந்த ரோஸ் பூச்செடியில் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டுகள் (செடியிலேயே உருவாகும் வீரியமான வேதிப்பொருட்கள்) இருக்கின்றன. இரண்டுமே புற்றுநோய் மருந்துகள். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சர்க்கரை நோய்க்கென்றுதான் இதன் சாற்றை ஆராய்ந்தார்கள். எலிகளுக்கு சர்க்கரை இறங்கவில்லை. நோயை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் வின்பிளாஸ்டின் ஊசி. ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்குப் பார்த்துப் போடுவதை, நாம் கைப்பிடிக் கணக்கில் மெல்வதா?

கர்ப்பிணிகளும் கீமோ எடுப்பவர்களும் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் நிறுத்திவிட்டு, டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி டெஸ்ட் ஒன்று பார்த்துவிடுங்கள். சுகர் மாத்திரையை மட்டும் நீங்களாக விட்டுவிடாதீர்கள்.

செடியைப் பிடுங்க வேண்டாம். மொட்டை மாடி வெயிலைத் தாங்கிப் பூக்கும். தண்ணீர் அதிகமானால்தான் வேர் அழுகும். கிளை ஒடித்தால் சாறு கசியும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.