சும்மா கிடக்கும் லேப்டாப்பில் ஃபேன் இரைகிறதா? இதைப் பாருங்கள்

எந்த வேலையும் கொடுக்காதபோதும் லேப்டாப் ஃபேன் இரைந்துகொண்டே இருந்தால் அசட்டையாக விடாதீர்கள். என் தங்கையின் லேப்டாப் அப்படித்தான் இருந்தது. எந்த நிரல் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சத்தம் அடங்கும், மூடிய கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அந்த இடத்தில்தான் சந்தேகம் வந்தது, ஏனென்றால் கணினியில் கள்ளத்தனமாக நுழைந்து கிரிப்டோ காசு (டிஜிட்டல் பணம்) தோண்டும் திருட்டு மைனர் நிரல்களில் பல, டாஸ்க் மேனேஜர் திறந்ததுமே வேலையை நிறுத்திப் பதுங்கிவிடும்.

விஷயம் இதுதான். யாரோ ஒருவர் உங்கள் கணினியில் உங்களுக்குத் தெரியாமல் கிரிப்டோ காசு தோண்டுகிறார், அதாவது உங்கள் கணினியைக் கணக்குப் போடவைத்து அந்தக் காசைச் சம்பாதிக்கிறார்; காசு அவருக்கு, கரண்ட் பில்லும் சூடும் உங்களுக்கு. பெரும்பாலும் மோனெரோ என்ற கிரிப்டோ காசுதான், சாதாரண சிபியூவிலேயே (கணினியின் பிராசசர்) அதைத் தோண்டலாம், பணம் யாருக்குப் போனது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். 2017-ல் வந்த, வெப்சைட்டிலேயே மைனிங் (காசு தோண்டுதல்) ஓடவைக்கும் காயின்ஹைவ் என்ற சேவையின் காலத்தில் ஒரு வெப்சைட்டைத் திறந்து வைத்தாலே போதும், மைனிங் ஓடும். 2019 மார்ச்சில் அது மூடப்பட்டது. இப்போது பெரிய ஆபத்து கிராக் செய்த (பூட்டை உடைத்து இலவசமாகத் தரும்) சாஃப்ட்வேரும் கேமும்தான். தங்கை லேப்டாப்புக்கும் அப்படித்தான் வந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் பிரவுசரை முழுசாக மூடுங்கள். சத்தம் நின்றால் கோளாறு ஏதோ ஒரு டேபிலோ எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் எது சிபியூவைத் தின்கிறது என்று காட்டும். நிற்கவில்லையா, விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன்ஸ் (ஸ்கேனிலிருந்து விலக்கியவை) பட்டியலைத் திறந்து பாருங்கள். எங்களுக்கு அங்கே சி டிரைவ் முழுவதும் ‘ஸ்கேன் செய்யாதே’ என்று இருந்தது! அதை நீக்காமல் எத்தனை முறை ஸ்கேன் போட்டாலும் ஒன்றும் சிக்காது. நீக்கிவிட்டு விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்கள், கணினி ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும் என்பதால் மைனரால் ஒளிய முடியாது. அப்புறம் நிரல்களைக் குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரையும் பாருங்கள், அழித்த மைனரை மறுபடி கொண்டுவரும் வேலையை அங்கேதான் பல நேரம் ஒளித்து வைத்திருப்பார்கள்.

இனி வராமல் இருக்க கிராக் பக்கமே போகாதீர்கள், ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் பண்ணு’ என்று சொல்லும் எதையும் தொடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போட வேண்டாம். பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் (குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட்) மாதிரி ஒரு விளம்பர பிளாக்கர் போடுங்கள். ஃபயர்ஃபாக்ஸில் மைனர்களைத் தடுக்கும் வசதி 2019-லிருந்தே இருக்கிறது.

இவ்வளவு செய்தும் திரும்பி வந்தால் ஃபைல்களை பேக்கப் எடுத்து விண்டோஸை புதிதாகப் போட்டுவிடுங்கள், பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கணினியிலிருந்து மாற்றுங்கள். மைனரை உள்ளே விட்ட அதே வழியில் பாஸ்வேர்டு திருடும் நிரலும் வந்திருக்கலாம்.