டியோரின் 'ஜூனோன்' கவுனை வரைவது எப்படி? எல்லாம் பாவாடையில்தான் இருக்கிறது

பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1949-இல் வடிவமைத்த 'ஜூனோன்' விருந்து உடையை வரையப் போய், ஏழெட்டுத் தாள் வீணான பிறகுதான் எனக்கு அது கைவந்தது. உடை இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2பி பென்சில், கொஞ்சம் சொரசொரப்பான தாள், கூவாஷ் (நீரில் கரைத்துப் பூசும், அடி தெரியாத) வண்ணம் போதும். மெக்கானிக்கல் பென்சில் வேண்டவே வேண்டாம். அதில் கோடு ஒரே தடிமனில் விழும், துணி எங்கே இறுகுகிறது எங்கே விரிகிறது என்று தெரியாது.

முதலில் உடல். தலையைப் போல ஒன்பது மடங்கு உயரம், கூடுதல் நீளமெல்லாம் காலுக்கு. ஒரு காலில் எடையைப் போட்டு நிறுத்துங்கள். அந்தப் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும். மேல்சட்டைக்குத் தோள்பட்டி கிடையாது, உடலோடு ஒட்டி வந்து இடையில் நன்றாக இறுகும்.

இனி பாவாடை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இதழ் வடிவத் துணிகள்தான் அது. நான் கீழ் விளிம்பை முதலில் போட்டுவிட்டு உள்ளே இதழ்களை அடைத்தேன், மீன் செதில் மாதிரி தட்டையாகிவிட்டது. அப்படிச் செய்யாமல், இடையிலிருந்து மணி போல விரித்து, குறுக்கே நாலைந்து வளைகோடுகளை மெல்லிசாகப் போடுங்கள். இதழ் நுனிகள் அந்த வளைவுகளில்தான் வந்து நிற்க வேண்டும். நடுவில் இருப்பவை அகலம், ஓரத்துக்குப் போகப் போகக் குறுகும், ஏனென்றால் அங்கே துணி பின்பக்கம் திரும்புகிறது. மேல் வரிசையை முதலில் வரைந்தால் கீழ் வரிசை அதன் அடியிலிருந்து வெளியே வரும், அழிக்கும் வேலையே இருக்காது.

'ஜூனோன்' என்பது ரோமானியத் தேவதை ஜூனோவின் பிரெஞ்சுப் பெயர், அவளுடைய பறவை மயில். அதனால்தான் வெளிர்நீல நெட் துணியில் இதழ் விளிம்புகளுக்கு நீலமும் பச்சையும் துரு நிறமுமாகச் சமிக்கி. நிறம் காய்ந்த பிறகு விளிம்பில் மட்டும் புள்ளி வையுங்கள், உள்ளே இறைத்தால் அந்த அழகு போய்விடும்.

முகத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். டியோர் சின்னச் சின்னதாக வேகமாக வரைந்து தள்ளுவார், அதைப் பார்த்துத்தான் தையற்கூடத்தில் அதன் பொறுப்பாளர் மதாம் மார்கரித்தின் மேற்பார்வையில் வெள்ளைத் துணியில் மாதிரி தைப்பார்கள். உடை எப்படி விழும் என்பதைச் சொல்ல அந்தக் கோடுகளே போதும் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

பிற்சேர்க்கை: இதழ்கள் சரியாக வந்தும் உருவம் சாய்கிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். கழுத்துக் குழியிலிருந்து நேர்கீழே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எடை தாங்கும் பாதத்தில் அது விழவில்லை என்றால், பாவாடையைத் தொடாமல் காலை நகர்த்துங்கள்.