போடிமெட்டு ஏற்றத்தில் கொதிக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

தேனி மாவட்டம் போடியை அடுத்த முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 ஊசி வளைவுகள். உச்சியில், சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், கேரள எல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் தினமும் காலையில் சர்வசாதாரணமாக ஏறிப் போகின்றன. பூப்பாறைக்கு வீடு திரும்பும் என் பழைய இரண்டு சீட் கார் மட்டும் பாதி வழியில் ஆவி விட்டு நின்றுவிடும். அந்த வளைவில் இருக்கும் குரங்குகளுக்கு என் முகம் பழகிப்போனது.

முதலில் தெர்மோஸ்டாட் மாற்றினேன். எஞ்சின் சூடானதும், குளிர்விக்கும் திரவமான கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு அது. அப்புறம் கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப். இரண்டிலுமே கோளாறு இல்லை என்பது காசு போன பிறகுதான் தெரிந்தது. நீங்கள் அந்தச் சுற்றுவழியில் போகாமல் இருக்க, நான் இப்போது பார்க்கும் வரிசையை எழுதுகிறேன்.

வழியில் சூடு காட்டும் முள் ஏறினால்

ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து வையுங்கள். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். உங்களுக்கு வேர்த்துக் கொட்டும், பரவாயில்லை. முள் இறங்கவில்லை என்றால் ஓரங்கட்டுங்கள். தண்ணீர் ஒழுகினாலோ ஆவி பீறிட்டாலோ எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். ஒழுகல் இல்லாமல் முள் மட்டும் ஏறியிருந்தால், ஓரிரு நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிடுங்கள். பம்பும் ஃபேனும் வேலை செய்து சூட்டை இறக்கப் பார்க்கும். அப்போதும் இறங்காவிட்டால் அணைத்துவிடுங்கள்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. துணி சுற்றித் திறக்கலாம் என்பவர்களை நம்பாதீர்கள். முக்கால் மணி நேரமாவது போகட்டும். பக்கத்தில் ஓடை இருக்கிறதே என்று பச்சைத் தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றினால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வெடிக்கும் அபாயம் உண்டு.

எப்போது சூடாகிறது?

ஸ்பேனரை எடுக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

போடி பஸ் நிலையம் பக்கம் நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமெடுத்தால் இறங்குகிறதா? ஃபேனைச் சந்தேகப்படுங்கள். நின்றால் ஒழுங்காக இருந்து, ஏற்றத்திலோ நீண்ட வேக ஓட்டத்திலோ மட்டும் ஏறுகிறதா? ரேடியேட்டர் அடைப்பு, காற்று வழி, ஹோஸ் (கூலண்ட் ஓடும் ரப்பர் குழாய்), பம்ப் ஆகியவற்றைப் பாருங்கள். கிளப்பிய ஐந்தாறு நிமிடத்திலேயே உச்சிக்குப் போகிறது என்றால் மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம். முள் திடீரென்று ஏறி, திடீரென்று இறங்குவது பெரும்பாலும் கூலண்ட் குறைந்து காற்று புகுந்ததன் அடையாளம்.

இன்னொன்று: முள்ளே பொய் சொல்லலாம். முப்பது வயது வண்டியில் எர்த் ஒயர் துருப்பிடித்திருந்தால் காட்டும் அளவு தப்பாகிவிடும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் காட்டிப் பாருங்கள். அங்கே 90 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்து, முள் மட்டும் சிவப்பில் நின்றால் சென்சாரையும் ஒயரையும் பார்த்தால் போதும்.

மூடி

ஆறிய எஞ்சினில் முதல் வேலை ரேடியேட்டர் மூடிதான். ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறதா, நடுவில் இருக்கும் சின்ன வால்வு இழுத்தால் வந்து திரும்பப் போகிறதா என்று பாருங்கள்.

மலைக்காரர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், 1,400 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை, 95-லேயே கொதித்துவிடும். நல்ல நிலையில் ஓடும் எஞ்சினின் சூடே 85 முதல் 95 டிகிரி. மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால் 0.9 பார் அழுத்தம் வரை உள்ளே பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட இங்கே 115 டிகிரி வரை கொதிக்காது. மூடி தளர்ந்திருந்தால் எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலேயே உச்சியில் கொதிக்கும். அதே அளவுள்ள புது மூடி போடுங்கள். பெரிய எண் போட்டால் பழைய ஹோஸ்தான் வெடிக்கும்.

மூடியைப் பார்க்கும்போதே ஹோஸ்களையும் பிசைந்து பாருங்கள். வீங்கியதும் மொறமொறப்பானதும் மாற்ற வேண்டியவை. கீழ் ஹோஸ் பம்பு இழுக்கும் பக்கம். அது தளர்ந்திருந்தால் ரேஸ் கொடுக்கும்போது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும். ஒருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டுக் கண்ணால் பாருங்கள், பெல்ட் பக்கம் கை போக வேண்டாம்.

ஃபேன்

எலக்ட்ரிக் ஃபேன் என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து மோட்டார். மோட்டார் சுற்றினால் மட்டும் போதாது. ஓடும்போது ரேடியேட்டர் முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால் யாரோ ஒயரை மாற்றி இணைத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள், கைமாறி வந்த வண்டிகளில் இது உண்டு.

காற்று வழி: என் கோளாறு இங்கேதான் இருந்தது

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மூக்கு தாழ்வு. ஜீப் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக் காற்று வாங்காது. பம்பருக்குக் கீழே இருக்கும் சின்ன வாய் வழியாகத்தான் வாங்கும். வாய்க்குள் வந்த காற்று ரேடியேட்டருக்குள்தான் போக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது, அடியில் திருகியிருக்கும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தட்டு. அது இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியில் அடியிலும் பக்கவாட்டிலும் நழுவிப் போய்விடும்.

என் தட்டு ஒரு வேகத்தடையில் உடைந்து தொங்கியது. பட்டறைக்காரர் அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, "இது எதுக்கு தம்பி, ஆயில் மாத்த இடைஞ்சல்தானே" என்றார். "சரிண்ணே, போகட்டும்" என்றேன். தப்பு என்னுடையதும்தான். அதன் பிறகு வந்த முதல் ஏற்றத்திலேயே கொதித்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அசல் தட்டு கிடைக்காததால் அட்டையில் அளவெடுத்து, அலுமினியத் தகட்டில் வெட்டி, பழைய துளைகளிலேயே திருகினேன். ரேடியேட்டரின் இரு பக்க இடைவெளியிலும் ஃபோம் பட்டை வைத்து அடைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான். அதே ஏற்றத்தில் முள் நடுவைத் தாண்டவில்லை.

தட்டைக் கழற்றும்போதே ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சி, சருகு, சேறு எல்லாம் மெத்தை மாதிரி கிடக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, மெல்லிய தண்ணீரால் கழுவ வேண்டும். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழ்கள் மடங்கிவிடும்.

தெர்மோஸ்டாட்

எந்த வண்டி கொதித்தாலும் "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடு" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். ஒரு பங்கு கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும். குளிர்ச்சிக்காகச் செய்தது சூட்டில் முடியலாம்.

சோதிப்பது சுலபம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்றுங்கள். அதில் 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

கூலண்ட் மாற்றமும் காற்று எடுத்தலும்

பழையது துரு நிறத்தில் வந்தால், ஹோஸைக் கழற்றி ரேடியேட்டருக்குள் தலைகீழ்த் திசையில் தண்ணீர் விட்டுத் தெளியும் வரை அலசுங்கள். நிரப்பும்போது கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. உப்புத் தன்மையுள்ள போர் தண்ணீர் வேண்டாம். வீட்டுப் பாத்திரத்தில் படியும் அதே வெள்ளைப் படிவம் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். வடித்த கூலண்டை ஓடையில் விடாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் மாடும் குடித்தால் செத்துவிடும்.

மலைச்சரிவு இங்கே உதவும். மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹீட்டரைத் திறந்து, மூடி இல்லாமல் ஆறிய எஞ்சினைக் கிளப்பி, குமிழிகள் நிற்கும் வரை மெல்ல ஊற்றுங்கள். பொங்கி வர ஆரம்பித்தால் மூடிவிட்டு அணைத்துவிடுங்கள். டொயோட்டா எம்ஆர்2 மாதிரி நடுவில் எஞ்சின் இருக்கும் கார்களில் குழாய் வண்டி நீளத்துக்கு ஓடும். காற்றை வெளியேற்றும் திருகுகளைத் தேடித் திறக்காமல் காற்று போகாது.

இது இருந்தால் நிறுத்திவிடுங்கள்

குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறதா? கிளப்பிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கிறதா? இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகையா? ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அது தொடக்கநிலைக்காரர் வேலை இல்லை, பட்டறைக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் லேசான வெண்மை தெரிந்தால் பயப்பட வேண்டாம். பனிக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்குமாக ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் பால் டீ நிறம் இருந்தால்தான் கவலை.

எல்லாம் முடிந்ததும், கூட ஒருவரோடு, ஐந்து லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். திணறும் கியரில் இழுக்காமல் ஒரு கியர் குறைத்தே ஏறுங்கள். மேலே போனதும் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தி வையுங்கள். எலக்ட்ரிக் ஃபேன் தானாகச் சுற்றி, தானாக நிற்க வேண்டும். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, ஊற்றி நிரப்புங்கள். அதற்கடுத்த நாளும் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்துத் தேடுங்கள்.